வெடிக்காத எள்ளுக்கு மொத்தமாக மாறலாமா?

கதிரரிவாள்: எள்ளில் அடிக்காய் முற்றி வெடிக்கும்போது உச்சியில் இன்னும் பூ நிற்கிறது. முந்தி அறுத்தால் மேல்காயில் பொக்கு, பிந்தினால் அடிக்காய் விதை மண்ணுக்கு. பழைய ரகங்களைக் கட்டிக்கொண்டு இருக்காமல் வெடிக்காத ரகத்துக்கு மாறுவதுதான் வழி.

மானாவாரி: வெடிக்காத காய் புதிதல்ல. 1943-இல் வெனிசுலாவில் லாங்ஹம் என்ற பயிர் ஆய்வாளர் அப்படி ஒரு செடியைக் கண்டுபிடித்தார். காய் இயந்திரத்தில் அடித்தாலும் திறக்க மாட்டேன் என்றது! உடையும் வேகத்தில் அடித்தால் விதை நசுங்கும். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். நசுங்கினால் சிக்கு வாடைதான். போதாததற்கு, அதே மரபணு இலையைக் கிண்ணம்போல் குவித்து, விதைப் பிடிப்பையும் குறைத்தது.

கதிரரிவாள்: அது பழங்கதை. பிறகு அமெரிக்காவில் வந்த ரகங்களில் காயின் நுனி மட்டும் திறக்கும். காற்று புகுந்து விதை காயும், ஆனால் உள்ளே ஒட்டியே நிற்கும். செடியை நின்றபடியே இயந்திரத்தால் அறுக்கிறார்கள்.

மானாவாரி: சரி, அந்தக் குணம் எங்கிருந்து வந்தது? பல நாட்டு எள்ளைத் திரட்டி, கலந்து, பொறுக்கியதில்தானே? அந்த மூலத்தைத்தான் நீங்கள் கைவிடச் சொல்கிறீர்கள்.

தும்பி: குறுக்கே வருகிறேன். பூவிலை நோய் இருவருக்கும் நினைவில்லையா? பூவெல்லாம் பச்சை இலைக்கொத்தாகிவிடும், காயே இருக்காது. காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகை நுண்ணுயிர், பரப்புவது தத்துப்பூச்சி. காட்டு எள் சிலவற்றில் எதிர்ப்புத் திறன் உண்டு. காட்டினங்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. அவற்றில் பலவும் பயிர் எள்ளோடு எளிதில் கலப்பதில்லை. இந்தியத் துணைக்கண்டத்தின் காட்டு எள், பயிர் எள்ளுக்கு மூதாதை என்பதால், நன்றாகக் கலக்கும். ஒரே ரகம் எங்கும் நின்றால் நோய்க்குக் கொண்டாட்டம்.

கதிரரிவாள்: விதை வங்கியில் வைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? வயலில் எதற்கு?

மானாவாரி: வயலில் நிற்பது அந்தந்த மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். வங்கியில் இருப்பது சேமித்த அன்று எப்படியோ அப்படியே. அப்புறம் ஒன்று: நுனி திறந்த காய், அறுவடை நேரத்தில் மழை. உள்ளே நீர் இறங்காதா?

கதிரரிவாள்: இறங்கும். நீங்கள் அறுத்துக் கட்டி நிறுத்தி வைக்கும் எள்ளில் மட்டும் இறங்காதோ?