பனியில தேடினதும் காத்துல கேட்டதும் - குடும்பத்தோட போன அனுபவங்கள்

குளிர்காலத்துல ஜியோகேச்சிங், அதாவது யாரோ ஒளிச்சு வச்ச பெட்டியை (அதுதான் கேச்) ஜிபிஎஸ் வச்சுத் தேடற விளையாட்டு, அதுக்குப் போறவங்க, கூடவே ஹாம் ரேடியோவும் (லைசன்ஸ் எடுத்துப் பொழுதுபோக்கா பேசற ரேடியோ) கையில வச்சிருக்கவங்க, உங்க அனுபவத்தை இங்க எழுதுங்க. நானே ஆரம்பிக்கறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

எங்க வீட்ல நாலு பேர். எனக்கு ஹாம் லைசன்ஸ் இருக்கு, மனைவிக்கு கேச் தேடறதுன்னா உயிர், பொண்ணுக்கு 11 வயசு, பையனுக்கு 7. பனி விழ ஆரம்பிச்சதும் நிறைய பேர் சீசன் முடிஞ்சதுன்னு ஜிபிஎஸ்ஸை எடுத்து உள்ள வச்சிடுவாங்க, எங்களுக்கு அப்பதான் சீசனே ஆரம்பம். கோடையில அடர்த்தியான மரத்தடியில நின்னா சிக்னல் இலைக்குள்ள மாட்டிக்கிட்டு அம்புக்குறி அங்கயும் இங்கயும் குதிக்கும், இலையெல்லாம் கொட்டினப்பறம் அதே இடத்துல அது பேசாம நிக்கும். பூச்சி கிடையாது, முள்ளுப் புதர் பாதி படுத்துடும், மரப்பொந்து எல்லாம் தூரத்துலயே கண்ணுக்குத் தெரியும். ஒரே எதிரி பேட்டரிதான்.

அந்த எதிரிதான் அன்னிக்கு எங்களைப் பிடிச்சது. மைனஸ் 9 டிகிரி. மூணு ஸ்டேஜ் இருக்கற மல்டி கேச், ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் ஒரு நம்பர் எடுத்து கடைசி இடத்தைக் கணக்குப் போடணும். ரெண்டாவது ஸ்டேஜ் முடிஞ்சதும் பையன் கால் வலிக்குதுன்னு உக்காந்துட்டான். சரி, நான் இவனோட இந்தப் பாதை பிரியற இடத்துலயே இருக்கேன், நீங்க ரெண்டு பேரும் மூணாவதைப் பாத்துட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன். கிளம்பறப்ப ஒரு பேச்சு பேசி வச்சிருந்தோம், அரை மணியில வரலைன்னா நான் ரேடியோவுல கூப்பிட ஆரம்பிப்பேன், பதில் பேச வேண்டாம், கேட்டா போதும். கேக்கறதுக்கு லைசன்ஸ் வேண்டாங்கறதுதான் பல நாட்டு விதி, பேசறதுக்குத்தான் வேணும், அதனால எங்க வீட்ல எப்பவும் ரெண்டாவது ஹேண்ட் செட் பொண்ணு கையில இருக்கும்.

அவங்க நம்பரை எடுத்துட்டாங்க. திரும்பறதுக்குள்ள போன் 38 சதவீதம் காட்டிட்டே அணைஞ்சிடுச்சு. குளிர்ல பேட்டரிக்குள்ள ரசாயன வேலை மந்தமாயிடும், சார்ஜ் இருக்கும், ஆனா கேக்கற வேகத்துக்குத் தராது, போன் பயந்து தானா அணைஞ்சிடும், உடம்புச் சூட்டுல கொஞ்ச நேரம் வச்சா அதே போன் திரும்ப எழுந்துக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிஞ்சும் தனி ஜிபிஎஸ் கருவியை என் பையிலயே வச்சிருந்தேன் பாருங்க, அது என் தப்பு. அதுக்குள்ள பனி கொட்ட ஆரம்பிச்சு இவங்க வந்த கால்தடம் மூடிடுச்சு.

அரை மணி ஆச்சு. பவரை ஆகக் குறைச்சலா வச்சு, கால்சைன் (லைசன்ஸோட தர்ற அடையாளப் பேர்) சொல்லி, ஒண்ணுலேர்ந்து இருபது வரைக்கும் நிதானமா எண்ண ஆரம்பிச்சேன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை இதே.

பொண்ணு என்ன பண்ணான்னு அப்பறம் அவளே சொன்னதுதான். முதல்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் என் குரல் பளிச்சுன்னு ஒரே மாதிரி கேட்டிருக்கு, திசை தெரியல. உடனே செட்டுலேர்ந்து ஆன்டெனாவைத் திருகிக் கழட்டிட்டா. குரல் மெலிஞ்சு அடியில இரைச்சல் வந்துச்சு. செட்டை நெஞ்சோட ஒட்டி வச்சிக்கிட்டு, மெலிஞ்ச சிக்னலும் இரைச்சலோட கேக்கறதுக்கு மானிட்டர் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, நின்ன இடத்துலயே மெதுவா சுத்தியிருக்கா. நான் எண்ணி முடிக்கறதுக்குள்ள ஒரு முழுச் சுத்து. ஒரு பக்கம் பாத்து நிக்கறப்ப மட்டும் குரல் இரைச்சலுக்குள்ள முங்கிப் போச்சு. நம்ம உடம்பே சிக்னலை மறைக்குது, அப்படின்னா அனுப்பறவர் நம்ம முதுகுப் பக்கம் இருக்கார். அப்படியே அரை வட்டம் திரும்பி, நேரெதிர்ல ஒரு மரத்தைக் குறி வச்சு, அது வரைக்கும் அம்மாவும் பொண்ணும் நடக்கறது, மறுபடி சுத்தறது. கிட்ட வந்ததும் ஆன்டெனா இல்லாமலே எல்லாப் பக்கமும் குரல் பளிச்சுன்னு ஆயிடுச்சாம், அப்ப குரல் மறுபடி மெலியட்டும்னு ஃப்ரீக்வென்சியை 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வச்சுக் கேட்டிருக்கா. கோடையில ஃபாக்ஸ் ஹன்ட் விளையாட்டுல ஒளிச்சு வச்ச டிரான்ஸ்மிட்டரைத் தேட நான் சொல்லிக் கொடுத்தது அத்தனையும் அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கு. 25 நிமிஷம். அவ சிவப்புத் தொப்பியை முதல்ல பாத்தவன் பையன்தான்.

நான் அப்ப பதினாறு எண்ணிட்டு இருந்தேன். மீதி நாலு எண்ண வாய் வரல.

கடைசிப் பெட்டியை அடுத்த ஞாயித்துக்கிழமைதான் போய் எடுத்தோம். விழுந்து கிடந்த மரத்துக்கு அடியில இரும்புப் பெட்டி, மூடி பனியில ஒட்டிக்கிடுச்சு, பையன் சுத்தி சுத்தி கையால தட்டினான், டப்புன்னு திறந்துச்சு.

*

அண்ணா, படிச்சு முடிக்கற வரைக்கும் எனக்கு நெஞ்சு படபடன்னு இருந்துச்சு. ஆன்டெனாவைக் கழட்டணும்னு அந்த நேரத்துல அந்தப் பிள்ளைக்குத் தோணுச்சே, சுத்திப் போடுங்க முதல்ல.

எங்க வீட்ல ரேடியோ அவரு, கேச் நானு. 5 வயசுக் குட்டியோட மூணு குளிர்காலமா போறேன், அதுல பட்டதைச் சொல்றேன். பேனா வேலைக்கே ஆகாது, குளிர்ல மை உறைஞ்சு போகும், பென்சில்தான். லாக்புக் (கண்டுபிடிச்சவங்க பேர் எழுதற சின்ன நோட்டு) ஈரமாகி உறைஞ்சிருந்தா தாளைப் பிரிக்கவே பிரிக்காதீங்க, கிழிஞ்சிடும், கையுறைக்குள்ள வச்சு இளக விடுங்க. விரல் நுனி அளவு இருக்கற நானோ கேச் எல்லாம் குளிர்காலத்துக்கு வேண்டவே வேண்டாம், அந்தச் சுருட்டின துண்டுத் தாளை எடுக்கக் கையுறையைக் கழட்டணும், ஒரு நிமிஷம் போதும், விரல் மரத்துடும், குழந்தை அழ ஆரம்பிச்சா அன்னிக்குப் பொழுது அவ்வளவுதான். கேச் விவரத்துல பனித்துளி படம் போட்டிருந்தா பனியிலயும் எடுக்கலாம்னு வச்சவரே சொல்றார்னு அர்த்தம், அதைப் பாத்துத்தான் கிளம்புவேன். டெரெய்ன் ரேட்டிங், அதாவது போற வழி எவ்வளவு கஷ்டம்னு சொல்ற எண், 1லேர்ந்து 5 வரைக்கும் இருக்குல்ல, கோடையில 2ன்னு போட்டது பனியில 3க்கு மேலயே இருக்கும், அதையும் மனசுல வச்சுக்கணும்.

எல்லாத்தையும் விட முக்கியமானது கால்தடம். பாதையிலேர்ந்து நேரா மரத்துக்குப் போய்த் திரும்பி வந்தீங்கன்னா பின்னாடி வர்ற யாருக்கும் தேடற வேலையே இல்ல, விளையாட்டு தெரியாதவங்க வந்தா பெட்டியே காணாம போயிடும். நாங்க எடுத்து முடிச்சதும் பத்து மரத்தைச் சுத்தி நடந்துட்டுத்தான் வருவோம். குட்டிக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச வேலை, ஒவ்வொரு மரத்தடியிலயும் நின்னு தேடற மாதிரியே குனிஞ்சு பாப்பா.

போன மாசம் ஒரு பெட்டியில பழைய லாக்புக் ஒண்ணு, அதுல 2003ல ஒருத்தர் பென்சில்ல எழுதின வரி அப்படியே இருந்துச்சு. இந்த விளையாட்டு பிறந்தே அப்ப மூணு வருஷம்தான். 2000 மே 2ம் தேதி அமெரிக்க அரசு ஜிபிஎஸ்ல வேணும்னே கலந்து வச்சிருந்த பிழையை நிறுத்தினாங்க, மறுநாளே டேவ் உல்மர்ங்கறவர் ஒரிகான்ல ஒரு கறுப்பு வாளியில சில சாமான்களைப் போட்டு வச்சுட்டு இடத்தோட எண்களை இன்டர்நெட்ல போட்டார். அந்தச் சாமான்ல ஒரு கவண் கூட இருந்துச்சாம். அது பாதி மண்ணுல புதைஞ்சிருந்த வாளி, இப்ப இடத்துக்காரர் அனுமதி இல்லாம மண்ணைத் தோண்டிப் புதைக்கக்கூடாதுன்னு விதியே இருக்கு.

*

நான் மலைக்காரன். சம்மிட்ஸ் ஆன் தி ஏர், சுருக்கமா சோட்டா, மலை உச்சியிலேர்ந்து ஹாம் ரேடியோவுல பேசறதுக்கு 2002 மார்ச்சுல ஆரம்பிச்ச திட்டம். சாமானை எல்லாம் நாமளே சுமந்து உச்சிக்குப் போகணும், வண்டியிலேர்ந்து பேசினா கணக்குல வராது, நாலு காண்டாக்ட், அதாவது நாலு ஹாம்களோட பேசி முடிச்சாத்தான் பாயிண்ட். பல இடத்துல குளிர்காலத்துக்கு 3 பாயிண்ட் போனஸ் உண்டு. அண்ணன் பையனைக் கூட்டிட்டுப் போவேன், வழியில இருக்கற கேச் அவனுக்கு, உச்சி எனக்கு, அதுதான் எங்களுக்குள்ள ஒப்பந்தம்.

ஒரு விஷயம் சொல்லணும், பனிமலையில ரேடியோ போடறவங்க அவசியம் கவனிங்க. 14 மெகாஹெர்ட்ஸுக்கு 10 மீட்டர் சொச்சம் ஆன்டெனாக் கம்பி, ஒரு முனையை மடக்குக் கம்பத்துல ஏத்திட்டு உக்காந்தோம். ரெண்டு காண்டாக்ட் ஆச்சு. மேகம் கூட இல்ல, காத்து மட்டும் எழும்பி உலர்ந்த பனித்தூளை வாரி அடிக்க ஆரம்பிச்சுது. ஹெட்போன்ல முதல்ல சீறல், அப்பறம் பொரியற மாதிரி சத்தம், ஏறிக்கிட்டே போய் வேற எதுவும் கேக்கல. கேபிளைக் கழட்டினேன், கனெக்டர் நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் நடுவுல டிக், டிக்னு நீலமா பொறி பறக்குது. இடி மின்னல் எதுவும் இல்ல, பனித்தூள் கம்பியில உரசி உரசியே அவ்வளவு மின்னூட்டம் ஏறியிருக்கு. அன்னியிலேர்ந்து கேபிளுக்குக் குறுக்க ஒரு பெரிய மதிப்பு ரெசிஸ்டர் போட்டு வச்சிருக்கேன், ஏறினது அப்பப்ப வழிஞ்சு போயிடும். இருந்தாலும் சீறல் ஆரம்பிச்சா முதல்ல கேபிளைக் கழட்டுவேன், செட்டோட முன்பக்க சர்க்யூட் போச்சுன்னா அப்பறம் மலை மேல உக்காந்து என்ன பண்றது.

அன்னிக்கு நாலு முடிக்கல, ரெண்டோட இறங்கிட்டோம். பையன்தான் பாவம், பரவால்ல சித்தப்பா இன்னொரு நாள் வரலாம்னு அவன் என்னைத் தேத்தினான்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு, பூஜ்யம் டிகிரிக்குக் கீழ அதுலேர்ந்து கரண்ட் எடுக்கலாம், சார்ஜ் ஏத்தக்கூடாது, உள்ள செல் நிரந்தரமா கெட்டுடும். வீட்டுக்கு வந்து ரூம் சூடு ஏற விட்டுட்டு அப்பறம் சொருகுங்க.

*

நானும் ஒண்ணு சேத்துக்கறேன். பையனுக்கு 9 வயசு, கேச்னா பறப்பான், ரேடியோன்னா தூங்கிடுவான். போன டிசம்பர்ல ஒரு சாயங்காலம், நாலரை மணிக்கே இருட்டிடுச்சு, திறந்த வெளியில ஒரு கேச் தேடிட்டு இருந்தோம். ஸ்பேஸ் ஸ்டேஷன்லேர்ந்து படத்தை ரேடியோவுல சத்தமா மாத்தி அனுப்பற வாரம் அது, போன்ல ஒரு ஆப் அதைத் திரும்பப் படமாக்கும், 145.800 மெகாஹெர்ட்ஸ்ல, சாதாரண ஹேண்ட் செட்லயே கேக்கலாம். எந்த நிமிஷம் வானத்துல வருதுன்னு பாத்து வச்சிருந்தேன், மொத்தமே பத்து நிமிஷம்தான் இருக்கும்.

சரியா அந்த நேரத்துக்கு செட்ல கீச்சு கீச்சுன்னு ஏறி இறங்கற சத்தம். போனை ஸ்பீக்கர் பக்கத்துல பிடிடான்னு அவன் கையில கொடுத்தேன். மேல வெள்ளையா ஒரு புள்ளி சத்தமே இல்லாம நகருது, கீழ போன் திரையில வரி வரியா படம் இறங்குது, முதல்ல ஒரு நீலப் பட்டை, அப்பறம் எழுத்தோட தலைப்பாகம். ஒரு படம் முழுசா இறங்க ரெண்டு நிமிஷம். அவன் மூச்சு விட்டாக் கூட சத்தத்துல கலந்துடும்னு வாயை மூடிக்கிட்டு நின்னான். நடுவுல நான் ஆன்டெனாவைச் சாய்ச்சதுல நாலு வரி புள்ளி புள்ளியா போச்சு, அதுக்கு என்னை ஒரு பார்வை பாத்தான்.

வீட்டுக்கு வர்ற வழியிலதான் அவன்கிட்ட சொன்னேன், அந்த ஸ்டேஷனுக்குள்ளயும் ஒரு கேச் இருக்குடான்னு. நிஜமாவே இருக்கு. 2008 அக்டோபர்ல விண்வெளிச் சுற்றுலாப் பயணி ரிச்சர்ட் கேரியட் அங்க போனப்ப ஒரு லாக்கரையே கேச்னு பதிவு பண்ணார், டிஃபிகல்டி (தேடற கஷ்டம்) 5, டெரெய்ன் 5. அவரு ஹாம். அவங்க அப்பா ஓவன் கேரியட்டும் ஹாம், 1983ல கொலம்பியா விண்கலத்துலேர்ந்து 2 மீட்டர் பேண்ட்ல பூமியில இருக்கவங்களோட பேசினவர், விண்வெளியிலேர்ந்து ஹாம் ரேடியோவுல பேசின முதல் ஆள். அப்பா ரேடியோ கொண்டு போனார், 25 வருஷம் கழிச்சு பிள்ளை ரேடியோவோட கேச்சையும் கொண்டு போனார். 2013ல விண்வெளி வீரர் ரிக் மாஸ்ட்ராக்கியோ ஒரு டிராவல் பக்கோட (கேச் விட்டு கேச் பயணம் போற, எண் போட்ட வில்லை) அங்க போனார், அதுதான் அந்தக் கேச்சுக்கு முதல் விசிட்.

இதைக் கேட்டதுலேர்ந்து பையன் ரேடியோ பக்கத்துல தூங்கறதில்ல. அந்தப் படத்தைப் பிரின்ட் போட்டு சுவத்துல ஒட்டியிருக்கான், அந்தக் கெட்டுப்போன நாலு வரியோட.

*

முதல்ல எழுதினவன்தான். தங்கச்சி சொன்ன பத்து மரம் வித்தையை இந்த ஞாயிறே பண்ணோம், பையன் பதினாறு மரத்தைச் சுத்தினான். சோட்டா நண்பர் சொன்ன ரெசிஸ்டரும் இப்ப என் கேபிள்ல ஏறியாச்சு.

தனியா மெசேஜ்ல கேட்டவங்களுக்கு ஒரு பதில்: ஆன்டெனா கழட்டின செட்ல பேசற பட்டனை மட்டும் தெரியாமக் கூட அமுக்கிடாதீங்க, பவர் வெளிய போக வழியில்லாம செட்டையே கெடுத்துடும். பொண்ணு செட்ல அந்தப் பட்டனை லாக் பண்ணி வச்சிருந்தேன், அந்த தைரியத்துலதான் கழட்டச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஜிபிஎஸ் கருவி இப்ப என் பையில இல்ல, யாரு முன்னாடி நடக்கறாங்களோ அவங்க கழுத்துல.

பொண்ணு லைசன்ஸ் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பிச்சிருக்கா. எங்க நாட்டுல அதுக்கு வயசு தடை இல்ல. பாஸ் பண்ணிட்டா அடுத்த பனிக்கு எண்ணறது நீங்க இல்லப்பா, நான்தான்னு இப்பவே சொல்லி வச்சிருக்கா.