கூடுதல் விலை முட்டைக்குக் கொடுத்த காசுக்குப் பலன் இருந்ததா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வாணி, கோவை:

மகளுக்கு ஒன்பது மாதம் ஆனபோது முட்டையின் மஞ்சள் கருவை மசித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். குழந்தைக்கு என்பதால் நல்லதாகவே இருக்கட்டும் என்று, ஆறு முட்டை 90 ரூபாய்க்கு விற்கும் பழுப்பு முட்டை டப்பாவுக்கு மாறினோம். அப்புறம் வீடு முழுக்க அதுவே ஆகிவிட்டது. நாளுக்கு நாலு முட்டை வேண்டும். தெருமுனைக் கடையில் வெள்ளை முட்டை ஆறரை ரூபாய். மாதம் 120 முட்டை என்று வைத்தால் 1,020 ரூபாய் கூடுதல். இரண்டு வருடமாக இந்தக் கணக்கை நான் போட்டே பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை டப்பாவில் ஒரே ஒரு முட்டைதான் மிச்சம். அத்தை கடைக்குப் போய் நாலு வெள்ளை முட்டை வாங்கி வந்தார். ஆஃப்பாயில் போடுவதற்காக இரண்டு வகையையும் தனித்தனித் தட்டில் உடைத்து ஊற்றினேன். வெள்ளை முட்டையின் மஞ்சள் கரு மேடாக எழும்பி நின்றது. அதைச் சுற்றி வெள்ளைக்கரு கெட்டியாக வளையம் கட்டியிருந்தது. பழுப்பு முட்டை தட்டின் ஓரம் வரைக்கும் தண்ணீர் மாதிரி ஓடியது. மஞ்சள் தட்டையாகப் படிந்து, கரண்டி பட்டதும் உடைந்துவிட்டது. நிறம் மட்டும் நல்ல ஆரஞ்சு. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், பேக் செய்து 19 நாள் ஆகியிருந்தது.

கடைக்கார அண்ணனிடம் கேட்டேன். "செவ்வாயும் வெள்ளியும் வண்டி வரும்மா, மூணு நாளைக்கு மேல எங்கிட்ட எதுவும் நிக்காது" என்றார். அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. நான் எதற்குத்தான் இவ்வளவு நாள் காசு கொடுத்தேன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்வம், நாமக்கல்:

14 வருடமாக லேயர் பண்ணையில், அதாவது முட்டைக்கோழிப் பண்ணையில், சூப்பர்வைசராக இருக்கிறேன். தங்கச்சி கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது. வெள்ளை லெகார்ன் வழி வந்த கோழி வெள்ளை முட்டை இடும். ரோட் ஐலண்ட் ரெட் வழி வந்தது பழுப்பு முட்டை இடும். பழுப்புக் கோழி உடம்பு கொஞ்சம் பெரிது, தீனியும் கூடத் தின்னும். விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். எந்த நிறமாக இருந்தாலும் ஒரு முட்டையில் புரதம் 6 கிராம் சொச்சம்தான்.

மஞ்சள் கருவின் நிறம் தீவனத்திலிருந்து வருகிறது. எங்கள் கோழி ஒன்று ஒரு நாளைக்கு 110 கிராம் அளவுக்குத் தின்னும். பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். ஓடு கெட்டியாக வருவதற்குச் சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல். மக்காச்சோளம் விலை ஏறும்போது குருணையும் கம்பும் கூட்டினால், பத்துப் பன்னிரண்டு நாளில் கரு வெளுத்துவிடும். செண்டுமல்லிப் பூவிலிருந்து எடுக்கும் சாற்றைத் தீவனத்தில் கலந்தால் அதே கோழி ஆரஞ்சுக் கரு போடும். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் ஆரஞ்சாக இருப்பதை வைத்து, அந்தக் கோழி புல் மேய்ந்தது என்று நம்பிவிடக் கூடாது.

நீங்கள் தட்டில் பார்த்தது முட்டையின் வயசு. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அது வழியாக ஈரமும் கரியமில வாயுவும் வெளியேற வெளியேற வெள்ளைக்கரு நீர்த்துப்போகும், அகன்ற முனையில் காற்றுப்பை பெரிதாகும். சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். புது முட்டையை அவித்தால் ஓடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். பலர் அதைக் கெட்ட முட்டை என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறார்கள், பாவம். அவிப்பதற்கு மட்டும் நாலைந்து நாள் ஆன முட்டையை எடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். கூண்டுப் பண்ணையில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஒரு ஏ4 தாள் அளவுகூட இருக்காது. சிறகை முழுசாக விரிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012-லேயே இந்த மாதிரி வெறும் கூண்டுகளுக்குத் தடை வந்துவிட்டது. கோழி நன்றாக இருக்க வேண்டும் என்று ஒருவர் கூடுதலாகக் காசு கொடுத்தால் அது நியாயமான காசு. அந்தக் காசு உண்மையிலேயே அந்தக் கோழியிடம் போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முருகேசன், திண்டுக்கல்:

எனக்கு நடந்தது வேறு. மனைவி பிரசவம் முடிந்து வந்த சமயம். நான்கு வழிச்சாலை ஓரத்தில் ஒருவர் கூடையில் வைக்கோல் பரப்பி நாட்டுக்கோழி முட்டை விற்றார். ஒன்று 20 ரூபாய். முப்பது வாங்கினேன். வீட்டில் அம்மா முட்டையைக் கழுவினார். சொம்புத் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறிவிட்டது. கட்டைவிரலால் தேய்த்தால் உள்ளே பளிச்சென்று வெள்ளை. டீத்தூள் டிகாஷனில் முக்கி எடுத்திருக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன், அதுதான் இன்னும் ஆறவில்லை.

அம்மா அன்றைக்குச் சொன்ன கணக்கை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இடும், அப்புறம் அடை படுத்துவிடும். வருடத்துக்கு 60, 80 முட்டை வந்தால் பெரிது. முட்டையும் சின்னது, 40 கிராம் அளவுதான் இருக்கும், ஒன்று போல ஒன்று இருக்காது. பத்துக் கோழி வைத்திருக்கிறேன் என்று சொல்பவர் தினமும் ஒரு அட்டை, அதாவது முப்பது முட்டை, ஒரே அளவில் கொண்டுவந்தால் யோசியுங்கள்.

ஜெயா, நாகர்கோவில்:

அப்பாவுக்கு இதய நோய் வந்த பிறகு ஒமேகா-3 முட்டைக்கு மாறினோம். ஒன்று 14 ரூபாய். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கோழிக்கு ஆளி விதை கொடுத்தால் கருவில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு கூடுவது உண்மை. ஆனால் பரிசோதனைக்குப் போனபோது அங்கே இருந்த உணவு ஆலோசகர், "சாளை சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் சாளை, அதாவது மத்தி மீன், சாப்பிடாதவர் யார்! ஒரு வேளைக் குழம்பில் கிடைக்கிற ஒமேகா-3 அளவுக்கு முட்டையிலிருந்து எடுக்க வேண்டுமானால் பல முட்டை தின்ன வேண்டும் என்று விளக்கினார். இப்போது வாரம் இரண்டு நாள் சாளை, முட்டை சாதாரண வெள்ளை முட்டை. மீன் தொடாமல் முட்டை மட்டும் சாப்பிடுகிற வீடுகளுக்கு அந்த முட்டை உபயோகப்படலாம். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

கார்த்தி, பொள்ளாச்சி:

நான் முட்டை ஒன்றுக்கு 18 ரூபாய் கொடுக்கிறேன், மனதாரக் கொடுக்கிறேன். தென்னந்தோப்புக்குள் கோழி வளர்க்கும் ஒரு அண்ணனிடம் வாங்குகிறேன். முதல் தடவை போனபோது அரை மணி நேரம் சும்மா நின்று பார்த்தேன். ஒரு கோழி காய்ந்த மட்டைக்கு அடியில் குழி பறித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மண்ணை இறக்கைக்குள் வாரி வாரிப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. கூண்டில் இருக்கும் கோழிக்கு வாழ்நாள் முழுவதும் இது கிடைக்காது என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது. சத்து கூடுதலா என்று என்னைக் கேட்காதீர்கள், அதற்காக நான் வாங்கவில்லை. கலக்கி போட்டால் ருசி தெரிகிறது. கேக்கில் போட்டால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அவர்மேல் நம்பிக்கை வந்த கதை ஒன்று. ஐப்பசி மழையில் இரண்டு வாரம் போன் செய்தபோதெல்லாம், "முட்டை குறைஞ்சு போச்சுங்க, இந்த வாரம் ஆறுதான் தர முடியும்" என்றார். வேறு எங்கேயாவது வாங்கிக் கலந்து கொடுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போகிறதில்லை.

வாணி, கோவை:

எல்லோருக்கும் நன்றி. முருகேசன் அண்ணா, உங்கள் அம்மா சொன்ன கணக்கை எங்கள் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன், அப்படியே ஒத்துக்கொண்டார்.

டப்பா வாங்குவதை நிறுத்திவிட்டேன். வெள்ளி சாயங்காலம் வண்டி வந்ததும் அதே கடையில் அரை அட்டை வெள்ளை முட்டை. மிச்சமாகும் பணத்தில் மாதம் இரண்டு டஜன் மேய்ச்சல் முட்டை, அதுவும் தோட்டத்தை நேரில் பார்த்த பிறகுதான். கார்த்தி, அடுத்த சனிக்கிழமை பொள்ளாச்சி வருகிறோம், மகளும் வருவாள். அவள் கோழி மண்ணில் குளிப்பதைப் பார்த்ததே இல்லை. செல்வம் அண்ணா, ஒரு சந்தேகம். முட்டையை ஃபிரிட்ஜ் கதவில் வைக்கலாமா?

செல்வம், நாமக்கல்:

வேண்டாம்மா. திறந்து திறந்து மூடுவதில் கதவுப் பக்கம் சூடு ஏறி ஏறி இறங்கும். உள் தட்டில் வையுங்கள், கூர்முனை கீழே இருக்கட்டும். கழுவி வைக்காதீர்கள், சமைக்கும்போது கழுவினால் போதும்.