சிமுலேட்டர்ல ராடு ஒட்டுமா, ஒட்டாதா?

வைகைக்கரை வாத்தியார்:
மதுரை வட்டார ஐடிஐ வாத்தியார்க வாட்சாப் குரூப்புகள்ல இன்னிக்கு ஒரு ஃபார்வர்டு சுத்துது. எழுதுன புண்ணியவான் யாருன்னு தெரியல. விஷயம் இதுதான்: "வெல்டிங் சிமுலேட்டர் வந்தாச்சு. வாத்தியார்களுக்கு ஒரு நாள் பயிற்சியும் குடுத்தாச்சு. 40 மணி நேரம் அதுல பழகுன பையனுக்கு பூத்துல ராடு ஒட்டவே ஒட்டாது. இனிமே வாத்தியார்க சாக்குச் சொல்லப்படாது."

புதுசாப் படிக்கிறவங்களுக்கு: சிமுலேட்டர்னா வெல்டிங் கை அசைவைப் பழக்கி அளந்து காட்டுற மிஷின். பூத்துன்னா நெசமா வெல்டிங் பண்ற தடுப்பறை. ராடுன்னா உருகுற வெல்டிங் கம்பி, அதாவது எலக்ட்ரோடு. அது தகட்டுல சிக்கிக்கிறதைத்தான் ஒட்டுறதுங்கிறோம்.

எரிச்சலா இருக்கு. மிஷின் மேல இல்ல, அந்த "ஒரு நாள்" மேல. ஒரு நாள்ல என்ன நடக்கும்? கம்பெனி ஆள் பெட்டியைப் பிரிப்பாரு. முப்பது பேர்ல நாலு பேரு தலையில மாட்டிப் பாப்பாங்க. போண்டா, டீ, குரூப் போட்டோ, சர்டிபிகேட். மறுநாள் கேலிபரேஷன் (அளவைச் சரிபண்றது) கேட்டு மிஷின் நிக்கும். ஆன் பண்ற பாஸ்வேர்டு அந்த ஆளோட போன்லயே ஊருக்குப் போயிருக்கும்.

செய்ய வேண்டியது வேற. ஒரு ஐடிஐக்கு ரெண்டு வாத்தியார், கூடவே ஸ்டோர் கீப்பர். பயிற்சி அவங்க சொந்த ஒர்க்‌ஷாப்புல, பசங்க இருக்கும்போதே நடக்கணும். சொல்லிக்குடுத்தவரு ரெண்டாவது வாரம் ஒருதடவை, நாலாவது வாரம் ஒருதடவை திரும்ப வரணும். முதல் மாசம் ஒரே ஒரு பாடம்: 6 மி.மீ. தகட்டுல நேர் பீடு (நேர்கோட்டுல ஒரு வெல்டு வரி), 3.15 மி.மீ. ராடு, 110 ஆம்பியர். அது கைக்கு வந்த பிறகுதான் ஃபில்லட் (மூலை இணைப்பு), வெர்ட்டிகல் (செங்குத்தா வெல்டிங் பண்றது) எல்லாம்.

பத்தாம்நம்பர் கண்ணாடி:
மத்ததெல்லாம் இருக்கட்டும் வாத்தியாரே. "ராடு ஒட்டவே ஒட்டாது"ங்கிறதை அப்படியே விட்டுட்டுப் போறீங்களே. அதுதானே மொத்தப் புளுகும்.

ராடு ஏன் ஒட்டும்? ஆம்பியர் கம்மியா இருந்தா ஒட்டும். ஆர்க் நீளம், அதாவது ராடு நுனிக்கும் தகட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி, ரொம்பக் குறைஞ்சு ராடு தகட்டைத் தொட்டா ஒட்டும். தகட்டுல துரு இருந்தா, எர்த் கிளாம்பு சரியாப் பிடிக்கலேன்னா ஒட்டும். ஐப்பசி மழையில பாக்கெட்டைப் பிரிச்சுப் போட்டு ராடு நமத்துப் போனா கேக்கவே வேணாம். இதுல சிமுலேட்டருக்குத் தெரிஞ்சது ஆர்க் நீளம், மிஞ்சிப் போனா ஆம்பியர். துருவையும் நமுத்த ராடையும் அது எங்க போய்ப் பாக்கும்?

ஒட்டுன பிறகுதான் பாடமே. முகத்துக்கு முன்னால இருக்குற ஷீல்டைத் தூக்கப்படாது. மணிக்கட்டை இடம் வலமாத் திருப்பி ராடை முறிச்சு எடுக்கணும். வரலேன்னா ராடைப் பிடிச்சிருக்குற ஹோல்டர் வாயை அமுக்கி ராடை விட்டுறணும். விடலேன்னா ஷார்ட் சர்க்யூட் கரண்டு முழுசும் அதுல ஓடி, கம்பி பழுத்து, மேல இருக்குற ஃபிளக்ஸ் பூச்சு வெடிச்சு உதிரும். அந்த ராடு அதோட குப்பை. இந்த மூணு செகண்டு பதட்டத்தை எந்த மிஷினும் தராது.

ஸ்க்ரீன்_சேவர்:
வந்துட்டாருய்யா அண்ணன். உள்ள புகையைக் காணோமேன்னு பாத்தேன்.

அண்ணே, சில மாடல்ல ஒட்டும். ராடைக் கிட்டக் கொண்டுபோனா ஒட்டிருச்சுன்னு திரையில காட்டும், சத்தமும் மாறும். பாக்காமலே தீர்ப்பு சொல்ற பழக்கம் உங்களுக்குப் போகல. முன்னாடி ஓடுன சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுற கடைசல் மிஷின்) விவாத இழையில ஜி00-க்கும் (வெட்டாம வேகமா நகர்த்துற கட்டளை) ஜி01-க்கும் (வெட்டிக்கிட்டே நகர்த்துற கட்டளை) வித்தியாசம் தெரியாம மூணு பக்கம் ஓட்டுனவருதானே நீங்க.

பத்தாம்நம்பர் கண்ணாடி:
திரையில காட்டும். ஜிகர்தண்டாவையும் திரையில காட்டுவாங்க தம்பி, தொண்டை குளிருமா?

கையில இழுவை இருக்கா? சூடு இருக்கா? இல்ல. அப்ப ஒட்டல. ஜி00 விஷயத்துல நான் சொன்னது கட்டிங் ஃபீடைப் பத்தி. அதை அங்க வந்து பேசுங்க.

மேலூர் மைக்ரோமீட்டர்:
ஒரு சின்ன சந்தேகம். சிமுலேட்டர்னு எதைச் சொல்றீங்க? கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல பாக்குறதா, தலையில மாட்டுறதா, இல்ல நெச ஹோல்டர்ல சென்சார் வச்சு நெச ஆர்க்கையே அளக்குறதா? மூணும் வேற வேற ஜாதி.

பத்தாம்நம்பர் கண்ணாடி:
எதுவா வேணா இருக்கட்டும். ஒட்டாது.

சிம்மக்கல் சொல்லாய்வு:
அன்பர்கள் மன்னிக்கவும். "ராடு" என்பது வெறும் கம்பி. எலக்ட்ரோடுக்குப் பள்ளிப் பாடநூலிலேயே "மின்வாய்" என்று நல்ல சொல் இருக்கிறது. ஆசிரியர்களே இப்படி எழுதினால் மாணவன் தேர்வில் என்ன எழுதுவான்?

மேலூர் மைக்ரோமீட்டர்:
எங்க எழுதுறான்? கம்ப்யூட்டர்ல க்ளிக்குதான் பண்றான். "மின்வாய் எடு"ன்னு சொல்லிப் பாருங்க, பய நம்ம வாயைப் பாப்பான்.

வைகைக்கரை வாத்தியார்:
ஒட்டுறது இருக்கட்டும். அந்த 40 மணி நேரத்தை யாராவது கணக்குப் போட்டுப் பாத்தீங்களா? ஒரு யூனிட்டுக்கு 20 பசங்க. ஆளுக்கு 40 மணி நேரம்னா 800 மணி நேரம். 2022-ல மாத்துன பாடத்திட்டத்துல வருசம் 1,200 மணி நேரம், அதுல பிராக்டிகல் 840. ஒரே மிஷினை வச்சுக்கிட்டு 800 மணி நேரம்னா, வருசத்துப் பிராக்டிகல் நேரம் கிட்டத்தட்ட முழுசும் அந்த மிஷின் நிக்காம ஓடணும்.

நடக்கக்கூடிய கணக்கு இது: ஆளுக்கு 10 நிமிஷம், மாட்டிக் கழட்டித் துடைக்க 2 நிமிஷம். 20 பேருக்கு 240 நிமிஷம், அதாவது 4 மணி நேரம். மத்த 19 பேரும் அந்த நேரம் பூத்துல இருக்கணும். பத்து நிமிஷத்துக்கு மேல தலையில மாட்டியிருந்தா சில பசங்களுக்குக் குமட்டும், அதனாலயும் 10 போதும். இந்தச் சுத்தை ஒருத்தரே ஓட்ட முடியாதுன்னுதான் ரெண்டு வாத்தியார்னு சொன்னேன்.

ஸ்க்ரீன்_சேவர்:
வாத்தியாரே, கணக்கு சரி. ஆனா அந்தப் பத்து நிமிஷத்துல கிடைக்கிறது பூத்துல கிடைக்காது. ராடு சாய்வு 70-லருந்து 80 டிகிரிக்குள்ள இருக்கா, ஆர்க் நீளம் எங்க ஏறுச்சு, கை எந்த இடத்துல வேகம் எடுத்துச்சுன்னு கோடு போட்டுக் காட்டும். பூத்துல வாத்தியார் பின்னால நின்னு "கையை எறக்குடா"ன்னு கத்துறதுதான். ஷீல்டுக்குள்ள இருக்குற பயலுக்கு எவ்வளவு எறக்கணும்னு எப்படித் தெரியும்?

முதல் வாரம் மிஷின் போடுற மார்க்கை மறைச்சு வைங்க. மார்க்கைக் காட்டுனா பசங்க அதை வீடியோ கேம் ஆக்கிருவாங்க. தொண்ணூறு எடுத்தவன் பூத்துல போய் முழிப்பான்.

பத்தாம்நம்பர் கண்ணாடி:
முழிப்பான்ல? ஏன் முழிப்பான்? ராடு ஒட்டும். நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

ஸ்க்ரீன்_சேவர்:
நான் எங்கண்ணே ஒத்துக்கிட்டேன்? எழுத்துக்கூட்டிப் படிங்க. அதுவும் போக, இப்ப இன்வெர்ட்டர்ங்கிற எலக்ட்ரானிக் வெல்டிங் மிஷின்லயே ஆன்டி-ஸ்டிக் வந்துருச்சு. ராடு ஒட்டுனா மிஷினே கரண்டைக் குறைச்சிரும், கம்பி பழுக்காது. முறிச்சு எடுத்துட்டு மறுபடி தட்டிக்கலாம். நீங்க சொல்ற பழுத்த கம்பி எல்லாம் பழைய டிரான்ஸ்பார்மர் வெல்டிங் மிஷின் காலத்துக் கதை.

பத்தாம்நம்பர் கண்ணாடி:
தம்பி, கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில போய் நாலு ஷெட்டு எட்டிப் பாருங்க. சின்னப் பட்டறையில இன்னமும் டிரான்ஸ்பார்மர் உறுமிக்கிட்டுத்தான் இருக்கு. பையன் வேலைக்குப் போறது அங்க. ஆன்டி-ஸ்டிக்ல பழகிட்டு டிரான்ஸ்பார்மர்ல கை வச்சா, ராடை எப்ப விடணும்னே தெரியாது.

இன்னொண்ணு. ஆன்டி-ஸ்டிக் வந்தா ஒட்டாதுன்னு அர்த்தம் இல்ல. ஒட்டுன பிறகுதான் அது வேலையே செய்யும். ஒட்டாம ஆரம்பிக்க உதவுறது ஹாட் ஸ்டார்ட், ஆரம்பத்துல கரண்டைக் கொஞ்சம் கூட்டிக் குடுக்கும். ரெண்டையும் குழப்புறவங்கதான் வாத்தியார்களுக்கு டெக்னாலஜி சொல்லித்தரக் கிளம்பியிருக்காங்க.

ஸ்க்ரீன்_சேவர்:
"கரண்டைக் குறைச்சிரும், கம்பி பழுக்காது"ன்னுதான் எழுதியிருக்கேன். ஒட்டாதுன்னு எங்க எழுதியிருக்கேன்? எதிராளி சொல்லாததைச் சொன்னதா வச்சு ஜெயிக்கிறதுல நீங்கதாண்ணே மதுரைக்கே ராஜா.

சிம்மக்கல் சொல்லாய்வு:
"ஒட்டுதல்" என்பதும் பொருத்தமில்லை. "பற்றிக்கொள்ளல்" எனலாம்.

மேலூர் மைக்ரோமீட்டர்:
ஐயா, பற்றிக்கொண்டா தீயணைப்பு வண்டி வந்துரும்.

எல்லாரும் வெல்டரையே பிடிச்சுத் தொங்குறீங்க. தமிழ்நாட்டுல 71 அரசு ஐடிஐகளை 4.0 மையமாக்க, அதாவது ரோபோவும் கம்ப்யூட்டரும் ஓட்டுற புதுத் தொழிற்சாலை வேலை பழகுற இடமாக்க, 2,877 கோடி ரூபாய்த் திட்டம் போட்டாங்க. ரோபோ, 3டி பிரிண்டர், சிஎன்சி எல்லாம் அதுல இருக்கு. ஃபிட்டர், டர்னர் வாத்தியார் கத்துக்க வேண்டியது மலை மாதிரி கிடக்கு, இங்க என்னடான்னா ஒரு ராடு.

யாரும் சொல்லாத இன்னொண்ணு, டெட் ஸ்டாக் ரெஜிஸ்டர். எந்தச் சாமான் யாரு பொறுப்புன்னு எழுதி வைக்கிற நோட்டு. தலையில மாட்டுற ஹெட்செட்டு வாத்தியார் பேருல ஏறும். லென்சுல கீறல் விழுந்தா ஆடிட்டுல யாரு பதில் சொல்றது? அந்தப் பயத்துலதான் பீரோவுல பூட்டி வைக்கிறாங்க. பயன்பாட்டுல வர்ற தேய்மானத்துக்கு வாத்தியார்கிட்டப் பிடித்தம் இல்லைன்னு ஒரு வரி ஆர்டர் போட்டா, பாதிப் பூட்டு திறக்கும். ரெண்டு ரூபா காகிதம் அது.

வைகைக்கரை வாத்தியார்:
மைக்ரோமீட்டர் சொன்னது நூத்துக்கு நூறு. அதுக்குத்தான் ஸ்டோர் கீப்பரும் பயிற்சிக்கு வரணும்னேன். மிஷினை வைக்கிற இடமும் முக்கியம். எதை வச்சு டிராக் பண்ணுதுன்னு முதல்ல கேட்டுக்கங்க. காந்தப்புலம்னா இரும்பு மேசை ஆகாது, அளவு கோணும், மர மேசைதான். கேமரான்னா ஜன்னல் வெயில் நேரா விழப்படாது, கிரைண்டிங் தூசி லென்சுல படியப்படாது. கிரைண்டர் பக்கத்துல கொண்டுபோய் வச்சுட்டு மிஷின் தப்பாக் காட்டுதுன்னா என்ன பண்றது?

மிஷினே வராத ஐடிஐக்கும் வழி இருக்கு. போன் கேமரா முன்னால பத்தாம் நம்பர் கருப்புக் கண்ணாடி (வெல்டிங் ஷீல்டுல இருக்குறது), அதுக்கும் முன்னால சாதா வெள்ளைக் கண்ணாடி, ஸ்பாட்டர் (உருகுன இரும்புத் துளி) தெறிச்சா அதுல படட்டும். ரெண்டையும் கிளிப் போட்டு நிறுத்தி, போனை ஒரு முழம் தள்ளி ஸ்டாண்டுல வைங்க. ஃபோகசையும் வெளிச்சத்தையும் பூட்டிருங்க, இல்லேன்னா ஆர்க் அடிச்ச உடனே கேமரா தடுமாறும். 20 செகண்டு போதும், உருகுன இரும்புக் குளம் எப்படி நகருதுன்னு கிளாஸ் மொத்தமும் பாக்கும். வாட்சாப்புல வீடியோவா அனுப்பாதீங்க, அமுக்கிக் கலங்கடிச்சிரும். டாக்குமெண்டா அனுப்புங்க.

பத்தாம்நம்பர் கண்ணாடி:
என் பேரை வச்சு வீடியோ எடுக்கச் சொல்லிட்டீங்க, சந்தோசம். அந்த வீடியோவுல ராடு ஒட்டுறதையும் எடுப்பீங்களா? எடுத்தா நான் ஏத்துக்குவேன். பழைய டிரான்ஸ்பார்மர், 3.15 ராடு, வேணும்னே 70 ஆம்பியர்ல வச்சு ஒட்ட விடணும். முறிச்சு எடுக்குறது ஒரு வீடியோ, ஹோல்டரை அமுக்கி விடுறது ஒரு வீடியோ. அதுக்கு 2,877 கோடி வேணாம்.

ஸ்க்ரீன்_சேவர்:
அப்ப ஸ்கிரீன்ல பாத்துக் கத்துக்கலாம்னு சொல்றீங்க. ஜிகர்தண்டா இப்ப குளுருதாண்ணே?

பத்தாம்நம்பர் கண்ணாடி:
வீடியோ வேற, சிமுலேட்டர் வேற. வீடியோவுல ஒட்டுறது நெச ராடு.

ஸ்க்ரீன்_சேவர்:
கையில இழுவை இருக்கா? சூடு இருக்கா?

பத்தாம்நம்பர் கண்ணாடி:
பேச்சை மாத்தாதீங்க. ஜி00 இழையிலயும் இதே வேலைதான் பாத்தீங்க. 40 மணி நேரம் பழகுனா ராடு ஒட்டவே ஒட்டாதுன்னு எழுதுனது சரியா தப்பா? ஒரே வார்த்தை.

வைகைக்கரை வாத்தியார்:
எழுதுனது நான் இல்லய்யா, அது ஃபார்வர்டு. நான் கேட்டது ஒரு நாள் பயிற்சி போதுமான்னு. அதுக்கு இன்னும் ஒருத்தரும் வாயைத் திறக்கல.

சிம்மக்கல் சொல்லாய்வு:
"ஃபார்வர்டு" அல்ல, "முன்னனுப்பு".

மேலூர் மைக்ரோமீட்டர்:
டெட் ஸ்டாக் ரெஜிஸ்டருக்குத் தமிழ் என்னங்கய்யா? அதையாச்சும் சொல்லுங்க, ஆர்டர் கேட்டு மனு எழுதணும்.

பத்தாம்நம்பர் கண்ணாடி:
ஒரே வார்த்தைன்னு கேட்டேன். ஒட்டுமா, ஒட்டாதா?

ஸ்க்ரீன்_சேவர்:
மாடலைப் பொறுத்து.

பத்தாம்நம்பர் கண்ணாடி:
அது மூணு வார்த்தை.

மேலூர் மைக்ரோமீட்டர்:
ரெண்டுண்ணே.