மெல்ல வைத்தால் குரல் நகர்கிறது: எந்த வால்யூம் கண்ட்ரோல் போடலாம்?

இரவுச்செவி:
இரவில் மெல்ல வைத்துக் கேட்டால் பாடகர் குரல் நடுவிலிருந்து இடப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. குமிழை ஏற்றினால் நடுவுக்கு வந்துவிடும். 400 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ப்ரீஆம்ப் (பவர் ஆம்ப்புக்கு முன் நிற்கும், வால்யூம் குமிழ் உள்ள பெட்டி) வெளியீட்டில் மீட்டர் வைத்தேன். குமிழின் முனை கடிகாரத்தின் 8 மணித் திசையில் நிற்கும்போது இடது 21 மில்லிவோல்ட், வலது 17. கிட்டத்தட்ட 1.8 டெசிபல் வித்தியாசம். உள்ளே 50 கிலோ ஓம் லாக் கண்ட்ரோல் (காதின் உணர்வுக்கு ஏற்ப மடக்கை வளைவில் ஏறும் மாறு மின்தடை) இருக்கிறது. எதைப் போட்டு மாற்றலாம்?

படிக்கட்டு:
லாக் கண்ட்ரோலின் பிறவிக் குணம் அது. வெவ்வேறு மின்தடையுள்ள கார்பன் பட்டைகளை அடுத்தடுத்து வைத்துத்தான் அந்த வளைவைக் கொண்டுவருகிறார்கள். இரண்டு சேனலிலும் பட்டைகள் ஒரே இடத்தில் சேர்வதில்லை, கீழ்க்கோடியில் அது அப்பட்டமாகத் தெரியும். அதற்குப் பதில் 24 படி சுவிட்சில் படிதோறும் 1 சதவீதத் துல்லியமுள்ள ரெசிஸ்டர் போடுங்கள், குரல் அசையாது. மெல்ல வைக்கும்போது டிரெபிள் (கீச்சு ஒலிகள்) மங்குவதும் போகும்.

செம்புக்கம்பி:
டிரெபிள் விஷயம் தவறு. டிரெபிளை மங்கவைப்பது கண்ட்ரோலின் வெளியீட்டு மின்தடை; அது ஒலியை 6 டெசிபல் குறைக்கும் இடத்தில் (-6) தான் உச்சம், 50 கிலோவுக்கு 12.5 கிலோ. அவர் கேட்கும் -50 பக்கம் 200 ஓம்கூட வராது. 50 கிலோ படி சுவிட்சுக்கும் இதே கணக்குதான். படிக்கு 2 டெசிபல் என்றால் 24 படியில் 46 டெசிபல்தான் கிடைக்கும், அவருக்குப் போதவே போதாது. ரிலே (மின்சாரத்தால் மாறும் சுவிட்ச்) போடுங்கள்: 8 ரிலே, 256 நிலை, அரை டெசிபல் படி.

படிக்கட்டு:
டிரெபிள் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீழ்ப்படிகளை 4, 5 டெசிபலாக வைத்தால் எல்லை நீளும். உங்கள் ரிலேயில் 127-லிருந்து 128-க்குப் போகும்போது எட்டும் ஒன்றாக நிலை மாறும். ஒன்று ஒரு மில்லிசெகண்ட் பிந்தினாலும் ஸ்பீக்கரில் ‘டக்’.

செம்புக்கம்பி:
ஒலியைக் குறைக்கும் ரிலேக்களை முதலில் மாற்றி, கூட்டுபவற்றை அப்புறம் மாற்றினால் ஒரு கணப் பள்ளம் மட்டும்தான் வரும். காது உறுத்தாது.

நேர்கோடு:
இருவரும் உதிரிப்பாகத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். குமிழ் ஏன் 8 மணியிலேயே கிடக்கிறது? சிடி பிளேயரே 2 வோல்ட் தருகிறது, பல பவர் ஆம்ப்களுக்கு 1 வோல்ட் சொச்சம் போதும். நடுவில் ப்ரீஆம்ப் வேறு பெருக்குகிறது. கண்ட்ரோலுக்குப் பின்னால் இருக்கும் ஆப்-ஆம்ப்பின் (பெருக்கும் சிப்) இரைச்சல், குமிழை எவ்வளவு இறக்கினாலும் குறையாது. ஆங்கிலேய ஆடியோ பொறியாளர் பீட்டர் பாக்ஸண்டல் வடிவமைத்த ஆக்டிவ் கண்ட்ரோலில் குமிழ் பெருக்கத்தையே மாற்றும், இறக்கினால் இரைச்சலும் இறங்கும். அதற்கு ஒரே சீராக ஏறும் லீனியர் கண்ட்ரோல் போதும், ஏறத்தாழ லாக் வளைவு தானாக அமையும். அவ்வளவு வேலை வேண்டாம் என்றால் பெருக்கத்தையாவது குறையுங்கள்.

படிக்கட்டு:
பாக்ஸண்டலில் ஃபேஸ் தலைகீழாகும் (அலையின் மேடு பள்ளமாகும்), ஆப்-ஆம்ப்பும் கூடும். ரெசிஸ்டர் மட்டும் இருக்கும் பாதையை நான் விடமாட்டேன்.

இரவுச்செவி:
குறைந்த பெருக்கத்தில் ஆப்-ஆம்ப் நிலையாக இருக்குமா என்று டேட்டாஷீட்டில் பார்த்துவிட்டு, பெருக்கத்தைத் தீர்மானிக்கும் ஃபீட்பேக் ரெசிஸ்டரைச் சேனலுக்கு ஒன்று மாற்றினேன். 5 மடங்கு 1.5 ஆயிற்று. அதே சத்தத்துக்குக் குமிழ் இப்போது 10 மணியில் நிற்கிறது. இடது 19, வலது 18.5. குரல் நடுவில். ட்வீட்டரில் காதை ஒட்டினால் கேட்ட ‘உஸ்’ஸும் நன்றாக அடங்கிவிட்டது.

நேர்கோடு:
மிக்க மகிழ்ச்சி. புதிதாக எதுவும் வாங்காதீர்கள்.

படிக்கட்டு:
இன்னும் மெல்ல வைத்துப் பாருங்கள் நண்பரே, 8 மணியில் மறுபடி நகரும். உள்ளே இருப்பது அதே கண்ட்ரோல்தானே.