கைதிகளின் இக்கட்டு: சர்வர் எழுதினேன், இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன்

காட்பாடி_மாணவன்:
வணக்கம் அண்ணா. கைதிகளின் இக்கட்டு என்பது ஒவ்வொரு சுற்றிலும் இருவர் ஒத்துழைப்பதா, கைவிடுவதா என்று முடிவு செய்யும் ஆட்டம். அதற்குப் பைத்தானில் சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை) வைத்து, ஆட்டத்தை நடத்தும் ஒரு சர்வர், ஆடுபவர்களுக்கு இரண்டு கிளையன்ட் எழுதினேன். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3, ஒருவர் மட்டும் கைவிட்டால் அவருக்கு 5 மற்றவருக்கு 0, இருவருமே கைவிட்டால் ஆளுக்கு 1. என் லேப்டாப்பிலேயே மூன்றையும் ஓட்டும்போது, போன சுற்றின் மதிப்பெண்ணும் அடுத்த சுற்றின் அழைப்பும் சில நேரம் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாக வருகிறது. ஹாஸ்டலில் பக்கத்து அறை நண்பன் லேப்டாப்பிலிருந்து இணைந்தால் இணைப்பே கிடைப்பதில்லை. அப்புறம், முதலில் வந்த பதிலை உடனே மற்றவருக்கு அனுப்பிவிடுகிறேன், அது சரியா?

குடியாத்தம்_நெட்வொர்க்:
தம்பி, டிசிபி (உன் சாக்கெட் தரவை அனுப்பும் முறை) குழாய்த் தண்ணீர் மாதிரி, நீ இரண்டு செம்பாக ஊற்றினாலும் அந்தப் பக்கம் ஒன்றாக வரலாம். ஒவ்வொரு செய்திக்கும் கடைசியில் நியூலைன் (வரி முடிவுக் குறி) வை, சாக்கெட்டைக் கோப்பு போலப் படிக்க வைக்கும் மேக்ஃபைல் போட்டு, ரீட்லைனில் வரி வரியாகப் படி. இணைப்பு கிடைக்காததற்கு, சர்வரை 127.0.0.1-இல் (அதே லேப்டாப்புக்குள் மட்டும் எட்டும் முகவரி) பைண்ட் செய்திருப்பாய், அதாவது கட்டியிருப்பாய், வெளியிலிருந்தும் ஏற்க 0.0.0.0 என்று மாற்று. அதன் பிறகும் வரவில்லை என்றால் ஃபயர்வாலில் (வெளி இணைப்பைத் தடுக்கும் காவல்) சர்வர் கேட்கும் போர்ட் எண்ணைத் திற.

ராணிப்பேட்டை_கணக்கு:
பதிலை உடனே அனுப்பவே கூடாது. காட்பாடி ஸ்டேஷன் வாசலில் இரண்டு ஆட்டோ நிற்கிறது என்று வைத்துக்கொள், ஒருவர் கேட்ட கூலி காதில் விழுந்தபின் மற்றவர் கூலி சொன்னால் அது வேறு ஆட்டம். இரண்டு பதிலும் கைக்கு வந்த பிறகே முடிவைச் சொல். இதற்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் தனி வேலை) கூட வேண்டாம், முதல் ஆளிடம் படித்துவிட்டு அடுத்தவரிடம் படித்தால் போதும், முந்தி வந்த பதில் பஃபரில் (தற்காலிக நினைவிடம்) காத்திருக்கும்.

மொத்தம் எத்தனை சுற்று என்பதையும் சொல்லாதே. கடைசிச் சுற்று தெரிந்தால் அதில் கைவிடுவதுதான் லாபம், அது உறுதியானதும் அதற்கு முந்தைய சுற்றிலும் அப்படியே, இப்படிப் பின்னாலிருந்து முதல் சுற்றுவரை சரிந்துவிடும். அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்சல்ராட் இந்த ஆட்டத்தை ஆடும் நிரல்களுக்கு இடையே நடத்திய முதல் போட்டியில் ஆட்டத்துக்கு 200 சுற்று, இரண்டாவதில் எப்போது முடியும் என்பதையே தற்செயலுக்கு விட்டார். இரண்டிலும் ஜெயித்தது அனடோல் ராப்பபோர்ட் அனுப்பிய 'பதிலுக்குப் பதில்': முதல் சுற்றில் ஒத்துழைக்கும், அப்புறம் எதிராளி போன சுற்றில் செய்ததையே செய்யும். அதை ஒரு கிளையன்ட்டாக எழுதிப் பார், நான்கைந்து வரிதான்.

காட்பாடி_மாணவன்:
ரொம்ப நன்றி அண்ணா, ஒட்டுவது நின்றுவிட்டது, நண்பனும் இணைந்துவிட்டான். ஆனால் அவன் நடுவில் மூடிவிட்டால் சர்வர் வெற்று வரியாகப் படித்துக்கொண்டே சுற்றுகிறதே?

குடியாத்தம்_நெட்வொர்க்:
ரீட்லைன் ஒன்றுமே இல்லாத சரத்தைத் தந்தால் எதிர்முனை மூடிவிட்டது என்று அர்த்தம், நியூலைன்கூட இருக்காது. அதைப் பார்த்ததும் ஆட்டத்தை முடித்துவிடு. டைம்அவுட் (காத்திருக்கும் கால வரம்பு) வைத்து, அந்த நேரம் தாண்டினாலும் அப்படியே செய், மேக்ஃபைலின் பஃபர் அதற்குமேல் நம்பகமில்லை.