மகளுக்கு நம்ம ஊர்த் தமிழ் சொல்லித்தர ஒருத்தர் வேணும்

பாம்பன், மண்டபம் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம். நான் பாம்பன்காரன், மஸ்கட்டில் இங்கிலீஷ் வாத்தியார். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுக்கிறேன், ஏழு வயசு மகளுக்கு அப்பத்தாகிட்ட நாலு வார்த்தை பேச வரலை.

போன வெள்ளிக்கிழமை வீடியோ காலில் அம்மா, கடல்பாசி எடுக்கப் போன கதையைச் சொன்னாங்க. விரலில் சுத்தின துணியைக்கூட இன்னும் அவிழ்க்கலை. பாறை கிழிச்ச இடத்தைக் காட்டி, "வலிக்குதுத்தா"ன்னாங்க. பிள்ளை புரியாம என் முகத்தைப் பார்த்துச்சு. எனக்குத் தாங்கலை.

எழுத்துக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகப் பாடங்கள் இருக்கு. பேச்சுக்குத்தான் ஆள் வேணும். வெள்ளி, சனி சாயங்காலம் அஞ்சு மணிக்கு (இங்கே மூன்றரை) அரை மணி நேரம் பேசிப் பழக்க டீச்சர் அக்கா யாராவது இருக்கீங்களா? சம்பளம் கொடுத்திடுறேன். தெரிஞ்சவங்க இருந்தாலும் சொல்லுங்க.