புதுக்கோட்டையா, திருவனந்தபுரமா: இரண்டு அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது

கேள்வி: ஆலங்குடி மாணவி

அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். இவ்வாண்டு நீட் தேர்வு எழுதிய எனக்கு, மாநில ஒதுக்கீட்டின் முதல் சுற்றில் புதுக்கோட்டை அரசுப் பல் மருத்துவக் கல்லூரியிலும், அகில இந்திய ஒதுக்கீட்டின் முதல் சுற்றில் திருவனந்தபுரம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியிலும் பி.டி.எஸ். (இளநிலைப் பல் மருத்துவம்) இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. புதுக்கோட்டை எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம். அப்பாவுக்கு அந்த ஒரு காரணமே போதும். ஆனால் அது 2023இல் 50 இடங்களுடன் தொடங்கப்பட்ட கல்லூரி, திருவனந்தபுரமோ 1959இலிருந்து நடக்கும் கல்லூரி என்பதால், பழைய இடத்தை விட்டுவிடாதே என்று என் உயிரியல் ஆசிரியை சொல்கிறார். இரண்டும் அரசுக் கல்லூரிகள்தான், ஆகவே கட்டணத்தை வைத்து முடிவெடுக்க வேண்டிய நிலை எனக்கு இல்லை. எனக்கு மலையாளம் ஒரு சொல்லும் தெரியாது என்பதும், பின்னாளில் வாய், முக அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். (முதுநிலைப் பல் மருத்துவம்) படிக்க வேண்டும் என்று ஆசை இருப்பதும்தான் என்னைக் குழப்புகின்றன. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: நாகர்கோவிலில் மருத்துவமனை வைத்திருப்பவர்

தங்கைக்கு வாழ்த்துகள். நான் திருவனந்தபுரத்தில் படித்தவள். என் பேச்சில் அந்தப் பாசம் கலந்திருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படிக்கவும்.

முதல் இரண்டு ஆண்டுகளைப் பொறுத்தவரை எந்தக் கல்லூரியில் இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். உடற்கூறியல், உடலியங்கியல், மருந்தியல் என்று பாடங்கள் ஓடும். மற்ற நேரத்தில் மெழுகுக் கட்டியில் பல் செதுக்கிக்கொண்டும், பிளாஸ்டர் ஒட்டிய கைகளோடும் திரிவீர்கள். மூன்றாம் ஆண்டில் நோயாளியின் முன்னால் நிற்கும்போதுதான் கல்லூரிகளுக்கு இடையிலான வேறுபாடு தெரியத் தொடங்கும். அதற்குள் விடுதியில் இரண்டு ஆண்டுகள் மலையாளிகளோடு சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருப்பீர்கள் என்பதால், மொழியைப் பற்றி இப்போதே அஞ்ச வேண்டாம். பல்லுக்கு அங்கும் பல்லுதான், வலிக்கு வேதனை என்பார்கள். வேகமாகப் பேசும் முதியவர்களிடம் பழைய நோய்களையும் சாப்பிடும் மாத்திரைகளையும் கேட்டு எழுதுவதுதான் கொஞ்ச காலம் சிரமமாக இருந்தது. அப்போதெல்லாம் பக்கத்து நாற்காலித் தோழியைத் துணைக்கு அழைத்துக்கொள்வேன். தவிர, கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வருகிற நோயாளிகள் அங்கே எப்போதும் உண்டு.

வாய், முக அறுவை சிகிச்சையில் விருப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்லியாக வேண்டும். திருவனந்தபுரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கும் அதே மருத்துவக் கல்லூரி வளாகத்தில்தான் மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கிறது. தாடைப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுப்பதற்கு முன்பே கெட்டுப்போன பற்களை எடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு எடுத்தால் எலும்பு சரியாக ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து உண்டு. இதைப் புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படிப்பதற்கும், நாளை கதிர்வீச்சுக்குப் போகப்போகிறவரின் வாயைத் திறந்து எந்தப் பல்லை எடுப்பது, எதை விடுவது என்று பேராசிரியர் முடிவெடுப்பதை அருகில் நின்று பார்ப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் திருவனந்தபுரம் போவேன்.

பதில் 2: ஓய்வுபெற்ற செயற்கைப் பல்துறை ஆசிரியர்

மேலே எழுதிய மருத்துவர் சொன்னது உண்மை என்றாலும் பாதிதான். முதுநிலை மாணவர்கள் நிறைந்த பழைய கல்லூரியில், புதைந்த கடைவாய்ப் பல்லும் உடைந்த தாடையும் அவர்கள் கைக்குத்தான் போகும். இளநிலை மாணவருக்கு ஆடுகிற பல்லும் ஸ்கேலிங்கும் (பற்காறை நீக்கல்) மிஞ்சும். அருகில் நின்று பார்ப்பது கற்றலின் ஒரு பகுதிதான் என்றாலும் பல்லைப் பிடுங்குவது கைதான், கண் அல்ல. முதல் அணியே இன்னும் வெளியேறாத கல்லூரியில் முதுநிலைப் படிப்பு இருக்காது என்பதால், அங்கே வருகிற நோயாளிகள் அனைவரும் உங்கள் ஐம்பது பேருக்கே உரியவர்கள். கட்டடம் புதிது என்பதற்காக ஆசிரியர்களும் புதியவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் இடமாறுதலில் வருகிறவர்கள், நேற்றுவரை வேறொரு பழைய கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள்.

ஆயினும் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கேட்க வேண்டிய ஆள் முதல்வர் அல்ல, மூன்றாம் ஆண்டு மாணவர். முழுப் பற்செட்டு ஒன்றை அளவெடுப்பதிலிருந்து அக்ரிலிக் வார்த்து மெருகேற்றுவது வரை கல்லூரி ஆய்வகத்திலேயே செய்கிறார்களா என்று கேளுங்கள். பற்களே இல்லாத ஒரு பெரியவர் ஐந்தாறு தடவை பேருந்து ஏறி வந்தால்தான் ஒரு செட்டு முடியும். அவரை வரவழைக்கும் பொறுப்பும், ஒவ்வொரு படியையும் பார்த்துக் கையெழுத்திடும் ஆசிரியரும், பழுதில்லாத ஆய்வகமும் ஒன்றுசேர்ந்தால்தான் மாணவர் அந்த வேலையைக் கற்றார் என்று பொருள். நான் சில காலம் பணியாற்றிய ஒரு கல்லூரியில் (அரசுக் கல்லூரி அல்ல, பெயர் வேண்டாம்) மாணவர்கள் அளவை மட்டும் எடுத்து மற்றதை வெளி ஆய்வகத்தில் காசு கொடுத்து முடித்து வாங்கிக் குறிப்பேட்டில் கையெழுத்தும் பெற்றார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. இறுதித் தேர்வில் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இடையிலான உயரத்தை நிர்ணயிக்கச் சொன்னபோது கை நடுங்கியது.

பதில் 3: நீட் எம்.டி.எஸ். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்

எம்.டி.எஸ். பற்றி எழுதியிருப்பதால் ஒரு சட்டச் செய்தியைச் சொல்கிறேன். முதுநிலை மருத்துவ இடங்களில் வசிப்பிடத்தை வைத்து ஒதுக்கீடு தருவது செல்லாது என்றும், அதே மாநிலக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு ஓரளவு முன்னுரிமை தரலாம் என்றும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மருத்துவ முதுநிலை பற்றிய வழக்கு என்றாலும், அதே வாதம் பல் மருத்துவத்துக்கும் நீளக்கூடும் என்பது என் கருத்து. அப்படி நீண்டால், கேரளத்தில் பி.டி.எஸ். முடித்த ஒருவர் தமிழ்நாட்டின் மாநில இடங்களுக்கு வரும்போது, இந்த மண்ணில் பிறந்தவர் என்பதால் மட்டும் முன்னுரிமை கேட்க முடியாமல் போகலாம். கேரளத்தில் அவருக்கு அந்த முன்னுரிமை கிடைக்கலாம். படிப்பு நான்கு ஆண்டு, உள்ளுறைப் பயிற்சி ஓராண்டு என்பதால் நீங்கள் முதுநிலைக்கு வரும்போது விதிகள் எப்படி இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. தொழில் செய்வதில் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. எந்த மாநிலத்தில் படித்திருந்தாலும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்து இங்கே மருத்துவமனை தொடங்கலாம்.

பதில் 4: ஒரு மாணவரின் தந்தை

அம்மா, உங்களுக்கு மாநில இடம் கிடைத்தது அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டிலா? அப்படியென்றால் கட்டணத்தைத் தமிழக அரசே ஏற்கும். அதை விட்டுவிட்டு வெளி மாநிலம் போவதற்கு முன் இருமுறை யோசியுங்கள். மற்றபடி, அகில இந்திய ஒதுக்கீட்டில் முதல் சுற்று இடத்தில் சேராமல் விட்டால் இழப்பு இல்லை, இரண்டாம் சுற்றில் கிடைத்த இடத்தை விட்டால் பாதுகாப்புத் தொகை திரும்ப வராது. ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஐயா, நான் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவள், அந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு வெளியேதான் இடம் கிடைத்தது. ஆசிரியர் ஐயா எழுதியதை அப்பாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். ஐம்பது பேருக்கே எல்லா நோயாளிகளும் என்ற இடத்தில் அவர் சிரித்தார். ஆனால் அறுவை சிகிச்சைத் துறை என் மனதில் உறுதியாக இருப்பதால், நாகர்கோவில் அக்கா சொன்ன பக்கம்தான் சாய்கிறேன். திருச்சியிலிருந்து பகலில் போகும் இன்டர்சிட்டி ரயிலில் அப்பாவும் நானும் முன்கூட்டியே போய், ஒரு காலைப் பொழுது புறநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பற்செட்டுக் கேள்வியையும் அங்கேயே கேட்டுவிட்டுச் சேரலாம் என்று பேசியிருக்கிறோம். இப்போதே கருவிகள் ஏதும் வாங்கிச் செல்ல வேண்டுமா?

பதில் 5: நாகர்கோவிலில் மருத்துவமனை வைத்திருப்பவர்

ஒன்றும் வாங்க வேண்டாம். பட்டியலைக் கல்லூரியில் தருவார்கள். மெழுகு செதுக்கும் கத்தியையும் மாதிரிப் பற்களையும் மூத்த மாணவியரிடம் பாதி விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் மூலப் பிரதிகளைச் சேரும் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால், திருவனந்தபுரத்தை நேரில் பார்த்து முடிவு செய்யும்வரை புதுக்கோட்டையில் எதையும் ஒப்படைக்காதீர்கள், ஆனால் அங்கே சேர வேண்டிய கடைசித் தேதியைத் தவறவும் விடாதீர்கள். எல்லாவற்றையும் பத்து நகல்கள் எடுத்து வையுங்கள். ரயில் பிற்பகலில்தான் போய்ச் சேரும், அப்போது புறநோயாளிகள் பிரிவு ஓய்ந்திருக்கும். அன்றிரவு தங்கி மறுநாள் காலை எட்டரைக்கே போய் உட்காருங்கள்.